பத்துக் குடம், முப்பத்தாறு படி

பழைய ஊரில் அவளை எல்லோரும் 'மாத்திரை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவள். கோழி கிளறியதுபோல் டாக்டர்கள் கிறுக்கிய சீட்டை ஒரே பார்வையில் படித்துவிடுவாள். கணவனுக்குத் தொழிற்சாலையில் மாற்றல் வந்தது. அத்தோடு அந்தப் பெயரும் போயிற்று.

புது ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் எப்போதாவது தண்ணீர் வரும். அரை மணி நேரம் ஓடும். குழாய் கீழே வாசலில். வீடு முப்பத்தாறு படிக்கு மேலே. முதல் நாள் அவசரத்தில், வந்த தண்ணீரை அப்படியே பிடித்துவிட்டாள். குடம் நிறையச் செம்மண்.

"என்ன தங்கச்சி, இனிமே டீக்குத் தூளே வேண்டாம் போல!" என்று சிரித்தாள் கீழ்வீட்டுக்காரி. யார் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே நிற்பதால் தெருவில் அவளுக்கு 'மீட்டர்' என்று பெயர்.

மூன்றாம் மாதம், பெரிய சாலை மருந்துக்கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். போனாள். கடைக்காரர் நீட்டிய சீட்டைப் படித்து, டாக்டர் எழுதிய அளவு ஒரு குழந்தைக்கு அதிகம் என்றும் சொன்னாள்.

"திங்கக்கிழமையே வந்துடுங்கம்மா. ஒம்பது மணிக்குக் கடை."

அன்று படியேறும்போது கால் வலிக்கவே இல்லை.

"வேலைக்குப் போறது சரி, தண்ணி யாரு பிடிப்பா?" என்றான் கணவன், சாப்பிட்டுக்கொண்டே.

"நீங்க மதிய ஷிப்ட் கேளுங்களேன்."

"கேட்டதும் குடுக்க அது என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? சூப்பர்வைசர் கடிச்சுத் துப்பிடுவான்."

மாமியாருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தது. "என்னாலயும் இறங்க முடியலையேம்மா" என்று கட்டிலிலிருந்து சொன்னாள். அவளோடு சண்டை போடவும் வழியில்லை.

மீட்டரிடம் கேட்டுப் பார்த்தாள். "என் பத்தோட உன் பத்தையும் தூக்குனா, என் இடுப்புக்கு நீதான் மாத்திரை குடுக்கணும்" என்றாள் மீட்டர். அதுவும் நியாயம்தான்.

கடைக்காரர் ஒரு வாரம் பொறுத்தார். அந்த ஏழு நாளும் அவள் கேட்டாள். ஏழு நாளும் கணவனிடம் ஒரே பதில். எட்டாம் நாள் கடையைத் தாண்டிப் போனபோது, உள்ளே யாரோ ஒரு பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தண்ணீர் நாள். மணி பத்து. கணவன் வீட்டில் நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"வேலை இல்லையா?"

"மதியம்தான். இந்த வாரம் பூரா ஷிப்ட் மாத்திக்கிட்டேன். கிளப்புல கேரம் போட்டி, காலையில ஆட்டம்."

"சூப்பர்வைசர்?"

"ஒரு வார்த்தை சொன்னேன், சரின்னுட்டான். நல்ல மனுஷன்."

கீழேயிருந்து மீட்டரின் குரல் வந்தது: "தங்கச்சி, தண்ணி!"

அவள் மாமியாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி வந்துடுச்சு, போகலை?" என்றான் கணவன்.

"நீங்க போய்க் குழாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அதுவும் நல்ல மனுஷனா இருக்கும்."

அவன் முறைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். கதவோரம் வரிசையாக இருந்த காலிக் குடங்களைத் தாண்டிக்கொண்டு ஆட்டத்துக்குப் போய்விட்டான். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அரை மணியில் கீழே சத்தம் அடங்கியது.

மதியம் மாமியார் மாத்திரை போடவேண்டும். பானையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படிக்கட்டு வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்த மீட்டர், எண்ணாமல் ஊற்றிக் கொடுத்தாள்.

"நாளன்னைக்கும் ஆட்டம் இருக்கா உன் வீட்டுக்காரருக்கு?"

"ஜெயிச்சா இருக்கும்கா."

குடம் இடுப்பில் கனத்தது. அவன் தோற்கவேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் வேண்டிக்கொண்டே ஏறினாள். அவன் தோற்றாலும் கடையில் அந்தப் பெண்தான் நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும்.