பூட்டிய மிட்டாய்க் கடையில் கேட்ட குரல்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்களோடு அமர்ந்திருக்கும் சொந்தங்களுக்கும் குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கும், அப்பாவின் கடைசி மாதங்களில் நடந்ததை மகளாகிய நான் உள்ளபடி எழுத விரும்புகிறேன்.

அப்பா பிறந்தது வாசுதேவநல்லூரில், விவசாயக் குடும்பத்தில். நிலம் கைவிட்டுப் போனபின் குற்றாலம் வந்து, அருவிக்குப் போகும் சாலையில் மிட்டாய்க் கடை வைத்தார்கள். பின்கட்டில் வீடு, முன்பக்கம் கடை. அம்மா மாவு பிழிந்து பொரிக்க, அப்பா கருப்பட்டிப் பாகில் தோய்த்து எடுக்கும் ஏணி மிட்டாய்க்காகவே சாரல் காலத்தில் ஆட்கள் ஈரத்துணியோடு வந்து நிற்பார்கள். பாகு தெறித்த தழும்புகள் அப்பாவின் இரு கைகளிலும் உண்டு. நமுத்துப்போன மிட்டாயை ஒருநாளும் விற்றதில்லை.

அம்மா போன பிறகும் தனியாகவே அடுப்பு மூட்டினார்கள். ஆனால் வருகிறவர்கள் மிட்டாயைக் கையில் எடுத்து, "எக்ஸ்பயரி தேதி எங்க?" என்று கேட்டு, வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வரிசையில் இருந்த மற்ற மூன்று மிட்டாய்க் கடைகளும் செல்போன் கடை, சிப்ஸ் கடை என்று மாறின. கடைசியில் அப்பாவும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

அடுத்த சாரலில்தான் அது தொடங்கியது. பிற்பகல் மூன்று மணிக்கு யாரோ ஷட்டரைத் தட்டுவதாக அப்பா சொன்னார்கள். "வாரேன், வாரேன்" என்று எழுந்துபோய்த் திறந்தால் ஆள் இருக்காது. ஒருநாள் நானும் உடன் இருந்தேன். எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளியே நல்ல மழை. நனைந்து வந்து யாராவது நின்றிருந்தால் கூரைக்குள் இருக்கும் வாசற்படி ஈரமாகியிருக்கும். படி காய்ந்து கிடந்தது.

சென்னையில் போலீஸ் வேலையில் இருக்கும் தம்பி பயந்துவிட்டான். "கடையை வித்துரலாம்க்கா. அப்பாவ நீ கூட்டிட்டுப் போ" என்றான். தென்காசியில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். டாக்டர் பார்த்தார். காதும் தெளிவு, நினைவும் தெளிவு என்றார். என் வீட்டில் அப்பாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் பிற்பகல், பக்கத்துச் சிப்ஸ் கடை எஸ்தர் அக்கா போன் செய்தார்கள்.

"ஏட்டி, அண்ணாச்சி எப்ப வந்தாவ? சொல்லவே இல்லியே."

"இங்கனதான் இருக்காவக்கா. என் எதுத்தாப்புல காப்பி குடிச்சிட்டு இருக்காவ."

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: "ஷட்டரத் தட்டுத சத்தம் கேட்டுச்சு. உள்ள இருந்து 'வாரேன், வாரேன்'னு அவிய குரலும் கேட்டுச்சுட்டி. வெளியே பூட்டு தொங்குது."

மறைக்கத் தெரியாமல் அப்பாவிடமே சொல்லிவிட்டேன். அவர்கள் பயப்படவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன மிட்டாய் கேட்டாவளாம்?" என்றார்கள்.

அன்றே குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் அடுப்பு எரிந்தது. ஷட்டரைப் பகல் முழுவதும் ஏற்றியே வைத்தார்கள். தட்டும் சத்தம் அதன்பின் யாருக்கும் கேட்கவில்லை. வாங்க வந்தவர்கள் ஒருநாளைக்கு நாலைந்து பேர்தான். ஆனாலும் மூன்று மணி ஆனதும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்காருவார்கள். "யாருப்பா வரப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியலம்மா. வரட்டும்" என்றார்கள்.

சாரல் முடியும் வாரத்தில் அந்த நாற்காலியிலேயே அப்பாவின் உயிர் பிரிந்தது. முதலில் பார்த்தது எஸ்தர் அக்கா. ஏதோ எடுத்துக் கொடுக்கப் போகிறவர்போல வலது கை நீண்டிருந்ததாம்.

கொட்டும் மழையில் அப்பாவைச் சுமந்து வந்த கடைவீதி அண்ணாச்சிமார்களுக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், வாசுதேவநல்லூர்ச் சொந்தங்களுக்கும் நானும் தம்பியும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். கடையை விற்கத் தம்பிக்கு மனம் வரவில்லை, பூட்டியே இருக்கிறது. எஸ்தர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தச் சாரலில் தினமும் மூன்று மணிக்குத் தம் கடையை விட்டு வந்து, எங்கள் ஷட்டரில் காதை வைத்துக் கேட்கிறார்கள். நேற்று போனில் அழுதார்கள்.

"ஒண்ணுமே கேக்கலட்டி."