மாமா கடை சிக்கனில் எவ்வளவு உப்பு?

பொரித்த கோழியின் வாசனையை மூடி வைக்கவே முடியாது. மூன்று கவர், அதை வைத்த டிபன் பாக்ஸ், அதைச் சுற்றி என் துப்பட்டா... அப்படியும் கடலூரில் கிளம்பிய பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா கேட்டே விட்டார். "யாருக்கும்மா எடுத்துட்டுப் போற?"

"லேபுக்கு."

"சாப்புடறதுக்கு இல்லியா?"

"இல்லம்மா. அரைச்சு, காய வச்சு, டெஸ்ட் பண்ணுவோம்."

அதன்பிறகு சிதம்பரம் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

அப்போது நான் சிதம்பரத்தில் ஊட்டச்சத்துப் படிப்பு, கடைசி வருடம். புராஜெக்ட்டுக்கு வகுப்பில் எல்லோரும் கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று எடுத்தார்கள். நான் எடுத்தது ஃபாஸ்ட் ஃபுட் பிரைடு சிக்கன். பெரிய ஆராய்ச்சி ஆர்வமெல்லாம் இல்லை. அம்மாவின் தம்பி செல்வம் மாமா கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிரைடு சிக்கன் கடை வைத்திருந்தார். சாம்பிளுக்கு அலைய வேண்டாம், அவ்வளவுதான்.

மாமா சார்ஜாவில் ஒரு சிக்கன் கடை கிச்சனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு முறை பொரித்து எடுத்ததும் ஒரு பீஸை வாயில் போட்டுப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

"நம்மளுது சுத்தமான எண்ணெ. எவ்ளோ வேணா டெஸ்ட் பண்ணிக்க" என்று அவரே பார்சல் கட்டிக் கொடுத்தார். "ஆனா கடை பேரு மட்டும் போட்டுறாத பாப்பா."

லேபில் எனக்குத் துணை, என் தோழி மெர்சி. முதல் நாளே ஒரு லெக் பீஸ் காணாமல் போனது. கேட்டால், "ருசி எப்படின்னும் ரிப்போர்ட்ல எழுதணும்ல" என்றாள்.

தோலையும் கறியையும் தனித்தனியாகப் பிரித்து, காய வைத்து, பொடியாக்கி, கொழுப்பைப் பிரித்தெடுத்தோம். கறியில் நல்ல புரதம், கொழுப்பு கொஞ்சம்தான். தோலும் அதன் மேலிருந்த மாவும்தான் எண்ணெயைக் குடித்திருந்தன. கண்ணாடிக் குடுவையின் அடியில் தங்க நிறத்தில் நின்ற கொழுப்பு, ஆறியதும் மெழுகு மாதிரி வெளுத்து உறைந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது உப்பு.

மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் அதே அளவு. ரெண்டு பீஸ் சாப்பிட்டால் அன்றைக்கு வேறு எதிலும் உப்பே போட வேண்டாம் என்கிற அளவுக்கு இருந்தது. கறியை ஊற வைக்கும்போது ஒரு தடவை, மாவில் ஒரு தடவை... மாமா ரெண்டு தடவை உப்புப் போடுவது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை கடைக்குப் போய்ச் சொன்னேன். மாமா முகம் மாறிவிட்டது.

"என் கடையில குத்தம் கண்டுபிடிக்கத்தான் சாம்பிள் எடுத்துட்டுப் போனியா?"

பார்சல் மடித்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "நீங்க ஒரு நாளைக்கு எத்தினி பீஸ் ருசி பாக்குறீங்க?"

மாமா எண்ணெய்ச் சட்டி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அன்று சாம்பிளும் கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. புராஜெக்ட் போய்விடுமோ என்ற கவலையைவிட, மாமா என்னோடு பேசாததுதான் அதிகமாக வலித்தது.

பத்து நாள் கழித்து ஹாஸ்டலுக்கு அத்தையிடமிருந்து போன். "உங்க மாமா யார்கிட்டயும் சொல்லாம போய் பிரஷர் பாத்துட்டு வந்துருக்காரு. சட்டப் பையில சீட்டு இருந்துது. கேட்டப்பறந்தான் சொல்றாரு. ரொம்ப ஜாஸ்தியாம். ஊறுகா நெறைய சாப்புடுவீங்களான்னு டாக்டர் கேட்டாராம். இவரு, ஊறுகாயே தொடறதில்லன்னு சொல்லிட்டு வந்துருக்காரு."

அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்தது.

அந்த சனிக்கிழமை நான் போனபோது மாமா என் முன்னால் மூன்று தட்டு வைத்தார். மூன்றிலும் வேறு வேறு அளவு உப்பு, கூடவே மிளகும் பூண்டும் தூக்கலாக. "சாப்புட்டுப் பாத்து சொல்லு. நான் ருசி பாக்க மாட்டேன்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்ட விதம் அது.

நடுத்தட்டைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வாரம் வந்தவர்கள் எல்லாம், "என்னண்ணே, உப்பு பத்தலயே" என்றார்கள். "கம்மியாதான் போட்டுருக்கேன், சாப்புடு" என்றார் மாமா. சிலர் வராமல் போனார்கள். அதில் பாதிப் பேர் மாசக் கடைசிக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

புதுச் சிக்கனையும் லேபுக்குக் கொடுத்தனுப்பினார். "இதுக்குக் கடை பேரு போட்டுக்க."

"பேரு போடக் கூடாது மாமா. அது சாம்பிள் ஏ, இது சாம்பிள் பி. அவ்ளோதான்."

மாமாவுக்கு வருத்தம்தான்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். என் ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்த சாம்பிள் பி கடை எங்கம்மா இருக்கு?" என்றார்.

வழியோடு சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது மாமா கடைக்குப் போவதில்லை, மகன் பார்த்துக்கொள்கிறான். பிரஷர் ஒரு மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. போன மாதம் சிதம்பரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய சிக்கன் கடைக்கு அவரையும் என் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். மகள் மெனுவைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை கலோரி, எவ்வளவு உப்பு என்று போனில் தேடி வாசித்தாள். மூன்று நாள் லேபில் நின்று நாங்கள் கண்டுபிடித்ததெல்லாம் அவளுக்கு ஒரு நிமிஷம். யாருக்கும் கோபம் வரவில்லை, யாரும் யாரோடும் பேசாமல் இருக்கவில்லை.

மாமாதான் கேட்டார். "இதெல்லாம் யாரு அளந்தாங்களாம்?"

"தெரியல தாத்தா. போட்டுருக்கு."

மாமா என்னைக் காட்டி அவளிடம் சொன்னார்.

"எங்க கடையில அளந்தது இவ."