பார்க்காத வாய்

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் பேரின்பநாயகத்துக்குக் கையாளாக இருந்தவர் இராமையா. டாக்டர் கத்தி எடுக்கும் நாளில், நோயாளியின் வாய்க்குள் ஏதும் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பதும், முகத்தில் வைத்த துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மயக்குவதும், தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சைக் கவனிப்பதும் அவர் வேலை.

தாடையும் மூச்சும் அவருக்குக் கைவந்திருந்தன. வாயில்தான் கோளாறு. தன் சாதியார் என்றால் கடைவாய்வரை துழாவுவார். ஒதுக்கப்பட்ட சாதியார் வாழும் வரிசை வீடுகளான கீழ் லயத்திலிருந்து யாராவது வந்தால் எச்சில் என்று விரல் பின்வாங்கும்; கேட்பதோடு சரி. அது தவறென்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

1955இல் ஒரு காலை, தொடையில் பெரிய கட்டியோடு மீனம்மாவை அவள் புருஷன் சின்னராசா தூக்கி வந்தான். கீழ் லயம்.

“வாயில வெத்தலை கித்தலை இருக்கா?” என்றார் இராமையா.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். கொழுந்தெடுக்கிற பெண்கள் வெற்றிலையைத் துப்பினாலும் ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கியே வைத்திருப்பார்கள். வலிக்கு அதுதான் மருந்து. இராமையாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

“வாய் பாத்தனியோ?” என்றார் டாக்டர்.

“பாத்தேங்க ஐயா.”

மயக்கம் ஏறியபின் டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை வடித்துக்கொண்டிருக்கையில் மூச்சில் குறட்டை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. இராமையா தாடையைத் தூக்கிப் பார்த்தார், பயனில்லை. டாக்டர் கத்தியைப் போட்டுவிட்டு வந்து, அவள் தலையைச் சரித்துத் தொண்டைக்குள் விரலை விட்டார். கறுத்த புகையிலை உருண்டை வெளியே வந்தது. கொஞ்சம் பொறுத்து, இருமலோடு மூச்சும் வந்தது.

“பாத்தனெண்டு சொன்னாய்?”

“பாத்தேங்க. அப்புறமா புருஷன்தான் குடுத்திருக்கணும்.”

டாக்டர் வெளியே போனார். “அறிவில்லையோ உனக்கு? பெண்சாதியைக் கொல்லவோ வந்தனி?”

சின்னராசா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “புத்தி கெட்டுப் போச்சுங்க ஐயா. மன்னிச்சிருங்க.”

கதவோரம் நின்று கேட்ட இராமையா உள்ளே திரும்பி ஈதர்ப் புட்டியை மூடினார்.

அதற்கப்புறம் அவர் பார்க்காத வாய் இல்லை. எந்த லயமானாலும் இரண்டு கன்னத்திலும் நாக்கடியிலும் விரல் போகும். டாக்டர் அதை வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். இராமையாவுக்கு முகம் சுருங்கும். பயந்து செய்வதைப் புண்ணியம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

1964இல் மீனம்மா ஏழு வயது மகள் பூரணியோடு வந்தாள். மலைச்சரிவில் விழுந்து பிள்ளைக்குக் கை முறிந்திருந்தது. மயக்கித்தான் எலும்பைச் சேர்க்க வேண்டும். பூரணி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“தொறடி. அன்னைக்கு அம்மா பக்கத்துல நின்னது இவங்கதான்.”

இராமையாவின் கை அந்தரத்தில் நின்றது. “அன்னைக்கு நான் ஒன் வாயப் பாக்கல மீனம்மா. சின்னராசா மேல பொய் சொன்னேன்.”

“தெரியுமுங்க. அப்பல்லாம் எங்க வாயில நீங்க கை வைப்பீங்களா? எங்க வீட்டுக்காரருக்குந் தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“யாருகிட்டங்க சொல்றது?”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பூரணி மெல்ல வாயைத் திறந்தாள்.

“வாய் பாத்தனியோ?” டாக்டர் கையைக் கழுவியபடி உள்ளே வந்தார்.

“பாத்தேங்க ஐயா. முன்பல்லு ஒண்ணு ஆடுது, எடுத்துட்டுத்தான் மயக்கணும்.” இராமையா விரலைத் துடைக்கவில்லை. “இன்னொண்ணு. சின்னராசா அன்னைக்குப் போயிலை குடுக்கலீங்க.”

“எந்தச் சின்னராசா?”

மீனம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இராமையா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.