உள்பக்கத்தில் எழுதும் பெயர்

ஃபைபர் வேலை என்பது வெளிப்பக்கம் பளபளப்பும் உள்பக்கம் முள்ளுமான தொழில். காரை வாங்குகிறவர் வெளியே பார்க்கிறார், செய்தவர் உள்ளே இருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த கதையைச் சொல்ல, நடந்த அநியாயங்களை வரிசைப்படி சொல்ல வேண்டும். துண்டறிக்கைகளைப் படித்தே படிப்பாளி ஆனவன் நான், வரிசை மாறாது. முதலாவது, கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த உருக்காலையில் சங்கம் வைத்ததற்காக எங்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். இரண்டாவது, விசாரணை என்று கூப்பிட்டு, தீர்ப்பை முன்கூட்டியே டைப் அடித்து மேஜையில் வைத்திருந்தார்கள். மூன்றாவது, சாட்சிகளை நிற்கவைத்து என் பெயரை உரக்கப் படித்து, வேலைநீக்கம் என்றார்கள். நான்காவது, அந்தப் பெயர் எனக்கு முன்பே சிப்காட் தொழிற்பேட்டையின் ஒவ்வொரு கேட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது அநியாயம் எனக்கு நடந்ததல்ல, ஜோதிக்கு நடந்தது. அதைச் சொல்லத்தான் மற்ற நான்கையும் சொன்னேன்.

கடைசியில் என்னைச் சேர்த்துக்கொண்டவர் குணா அண்ணன். எனக்கு இளையவர்தான், ஆனால் அந்தத் தகரக் கொட்டகையில் எல்லோருக்கும் அண்ணன். பானெட், பம்பர், டேஷ்போர்டு, கதவின் உள்பலகை என்று, கேட்டவர் கேட்ட வடிவத்தில் ஒன்றே ஒன்று செய்து தருவது எங்கள் வேலை. முதலாளிகளைப் பற்றி நல்ல வார்த்தை எழுதிப் பழகிய கை அல்ல இது. ஆனாலும், என் பெயரைக் கேட்டதும் “ஓ, நீதானா அது?” என்று சிரித்துவிட்டு ஒரு ஜோடி கையுறையைத் தூக்கிப் போட்ட முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அரிப்பு

இதைப் படிக்கிறவர்களில் நம் தொழில்காரர்கள் இருந்தால் இந்நேரம் முழங்கையைச் சொறிய ஆரம்பித்திருப்பீர்கள். கண்ணாடி நாரை விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, அது இறுகியதும் ஓரத்தை அறுக்கும்போது பறக்கிற தூசு இருக்கிறதே, அது சட்டைக்குள் போனால் குளித்தாலும் போகாது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், பவுடர் போட்டுப் பார்த்தோம். தூசுக்கு நம் மேல் தனிப் பிரியம்.

சென்னையிலிருந்து வந்த ஒரு கஸ்டமர், வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷர், அறுத்துக்கொண்டிருந்த பம்பரைக் கட்டிப்பிடிக்காத குறையாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். செங்குன்றம் தாண்டியதும் போன் வந்தது. ஏசி போட்டாலும் அரிக்கிறது, நிறுத்தினாலும் அரிக்கிறது, என்ன செய்தால் நிற்கும் என்று கேட்டார். நான் போனைப் பொத்திக்கொண்டு ஜோதியிடம் கேட்டேன். ஜோதி எங்கள் கொட்டகையில் ரெசின் போடுகிறவள், மீஞ்சூர்ப் பக்கம். ரோலரை நிறுத்தாமலே சொன்னாள்: “நாங்களும் ரொம்ப வருஷமா அதைத்தான் தேடிக்கினு கீறோம், கண்டுபுடிச்சா எங்களுக்கும் ஒரு போன் போடச் சொல்லு நைனா.”

இறங்காத பிள்ளையார்

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அடுக்கு போடும்போது, மெல்லிய தாளில் ஒரு பெயரும் ஊரும் பென்சிலால் எழுதி உள்பக்கத்தில் வைத்து, மேலே ரெசின் தடவிவிடுவோம். பேனா கூடாது, மை கரைந்துவிடும். ரெசின் குடித்ததும் தாள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், எழுத்து மட்டும் நிற்கும். பிறகு அதை அழிக்க வேண்டுமானால் காரையே உடைக்க வேண்டும். பாகம் அச்சிலிருந்து கழலும் வரை அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கழன்றதும் கவிழ்த்துப் போட்டு, குணா அண்ணன் அந்தப் பெயரை எல்லோர் முன்னாலும் வாசிப்பார். பாராட்டானாலும் பழியானாலும் அந்தப் பெயருக்கு. எப்போதும் வாசிக்கப்பட்ட பெயர் ஒன்றுதான்: “வி. கபாலி, திருவாலங்காடு.” அவர்தான் மேஸ்திரி.

பெரியபாளையம் பக்கத்து நிலக்காரர் ஒருவர், தன் பிள்ளையார் சிலை ஆடாமல் உட்காரும்படி டேஷ்போர்டில் ஒரு குழி கேட்டார். அளவு எடுப்பதைவிட சிலையையே வைத்து அதைச் சுற்றி நாரை விரித்துவிடலாம் என்றார் கபாலி மேஸ்திரி. சிலைக்கு வாக்ஸ் தடவியாச்சா என்று ஜோதி கேட்டாள். வாக்ஸ், அதாவது மெழுகு, இல்லாமல் ரெசின் தொட்டது எதுவும் திரும்பி வராது. இது நமக்கெல்லாம் பாலபாடம். மேஸ்திரி முறைத்தார், அவள் தன் ரோலரை எடுத்துக்கொண்டாள். யாரும் தடவவில்லை. மறுநாள் உளி, ஆப்பு, சுத்தியல் எல்லாம் தோற்ற பிறகு நிலக்காரர் வந்தார். இரண்டு கையாலும் பிள்ளையாரை இழுத்துப் பார்த்தார். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: “வண்டியே கவுந்தாலும் இவரு எறங்க மாட்டாரு, எனக்கு அது போதும்.”

பெயின்ட்

கார்பன் துணி கறுப்பு, பின்னல் தெரியும், அது தெரியத்தான் காசு கொடுக்கிறார்கள். அந்தப் பின்னல் கோடு கோணாமல் வைப்பதுதான் வித்தை. கைவிரல் பட்டாலே கோடு நெளியும். ஒரு பானெட்டுக்கு ஜோதி போட்ட பின்னல், நடுக்கோட்டின் இருபுறமும் மீன்முள் போல வந்து சேர்ந்தது. துண்டறிக்கையில் வியப்புக்குறி போடாதவன் நான், அன்றைக்கு என் மனசுக்குள் ஒன்று போட்டேன். ஜோதிக்குத் தன்னடக்கம் என்பது கிடையாது. பக்கத்து லேத் பட்டறை வரைக்கும் போய் ஆளைக் கூட்டிவந்து காட்டினாள். குணா அண்ணன் வாசித்தபோது பெயர் வழக்கம்போல வி. கபாலி.

வண்டிக்குச் சொந்தக்காரப் பையன் ஊரில் இல்லாததால் பானெட்டை வாங்கிப்போக அவன் அப்பா வந்தார். கறுப்புப் பின்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு வருத்தமாகக் கேட்டார்: “இவ்ளோ நாள் வெச்சினு இருந்தீங்க, இன்னும் பெயின்ட் அடிக்கலியா?”

துண்டறிக்கை

இனி ஐந்தாவது அநியாயம். கபாலி மேஸ்திரிக்கு வேலை தெரியாது என்று சொல்லமாட்டேன். அவர் கட்டிய அச்சுகளில்தான் கொட்டகையே நின்றது. ஆனால் சில வருஷங்களாக ரெசின் கை ஜோதியுடையது, தாளில் பெயர் அவருடையது. அவள் வரும்போது ஹெல்பர், இன்றைக்கும் ஹெல்பர். கூப்பிடுவதுகூட “ஏ, இந்தாம்மா” என்றுதான். ஒருநாள் நாஷ்டா நேரத்தில் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டேன். நாம செத்தாலும் வண்டி ஓடும், அதுக்குள்ள என் பேரு குந்திக்கினு போவணும், அந்த ஒண்ணுதான் வேணும் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

எனக்கு அது போதும். அன்றே எழுதினேன். “உழைப்பவள் ஒருத்தி, பெயர் இன்னொருவருக்கா?” என்று தலைப்பு, கீழே கோரிக்கை, அதற்குக் கீழே எச்சரிக்கை. ஜெராக்ஸ் எடுத்து முதல் பிரதியை அவளிடம் கொடுத்தேன். முழுசாகப் படித்தாள். பிறகு அதில் ரோலரைத் துடைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “எழுத்து நல்லா கீது நைனா, ஆனா பேப்பர் ரெசினை உறிஞ்ச மாட்டேங்குது.”

ஒட்டினால், கழன்றால்

அந்தச் சமயத்தில்தான் வந்தனா மேடம் வந்தார். ரேலி என்கிற கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர். பானெட்டும் இரண்டு பக்கத்து மட்கார்டும் சேர்த்து, முன்பக்கம் முழுதும் ஒரே துண்டாக வேண்டும் என்றார். வேறு ஒரு இடத்தில் செய்து, அது அச்சில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உடைந்து, அச்சும் போய்விட்டதாம். அவ்வளவு பெரிய துண்டை நாங்கள் செய்ததில்லை. நான் செய்கிறேன் என்று ஜோதி முன்னால் வந்தாள். கூடவே, செய்தால் உள்ளே என் பெயர் வைக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

குணா அண்ணன் தரையைப் பார்த்தார். பெயர் வைப்பது மேஸ்திரியின் உரிமை, அதில் அண்ணன் தலையிடுவதில்லை. மற்ற ஆண்கள் தங்கள் ரோலர்களை ரொம்ப அக்கறையாகக் கழுவினார்கள். மேஸ்திரி பீடியைக் காலில் நசுக்கிவிட்டு, சண்டைக்காரக் குரலில் அல்ல, சட்டம் சொல்கிற குரலில் சொன்னார்: “ஒட்டிக்கினா உன் பேரு, கழண்டா என் பேரு.”

வாளி

கத்திரி வெயில். தகரத்துக்குக் கீழே நிற்கிறவனே இறுகிப்போவான், ரெசினைச் சொல்ல வேண்டாம். ரெசினை இறுக வைக்க ஹார்டனர் என்று ஒன்று சேர்ப்போம், வெயிலில் அது பாதி போதும். பெரிய வாளியில் கலந்த கபாலி மேஸ்திரி மழைக்காலத்துக் கைப்பழக்கத்தில் ஊற்றிவிட்டார். ஜோதி வாளியைத் தூக்கினாள். அடிப்பக்கம் சுட்டது. அப்படியே வெளியே ஓடி மணலில் கவிழ்த்தாள். கவிழ்த்த இடத்தில் பால் பொங்குவதுபோலப் பொங்கி, வெள்ளைப் புகை கிளம்பியது. அது அச்சில் விழுந்திருந்தால் வாக்ஸ் உருகி, துண்டும் அச்சும் ஒரே கல்லாகியிருக்கும்.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தோம். ஜோதி பார்க்கவில்லை. சின்னக் கிண்ணங்களை எடுத்து வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அச்சுக்கும் கிண்ணத்துக்கும் நடையாக நடந்தாள். பாதி அச்சு முடியும்போது கிண்ணம் பிடிக்க ஒரு கை குறைந்தது. கபாலி மேஸ்திரி கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். “ஊத்து, ஜோதி. நான் புடிச்சிக்கிறேன்.”

கவிழ்த்துப் போட்டபோது

கடைசி அடுக்கில் மேஸ்திரிதான் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டு எழுதி உள்ளே வைத்தார். ஜோதி அந்த முதுகைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனாள். அவள் ரொம்ப நேரம் கழுவினாள். நான் விடுவேனா? மறுநாள் துண்டறிக்கைக் கட்டை சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வந்தேன். பெயரை வாசித்து முடித்ததும் நான் வாசிக்க ஆரம்பிப்பது என்று முடிவு.

வந்தனா மேடம் வந்திருந்தார். லேத் பட்டறை ஆட்கள், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் நின்றார்கள். ஓரத்தில் மர ஆப்பைச் செருகி, இடுக்கில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தாள் ஜோதி. தட்டும் சத்தம் ஓர் இடத்தில் மாறியது. காதை வைத்துக் கேட்டாள். இன்னொரு தட்டு. துண்டு முழுசாக மூச்சு விட்டதுபோல மேலே எழுந்தது. வந்தனா மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு பேர் தூக்கிக் கவிழ்த்தோம்.

குணா அண்ணன் போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். நான் பையில் கையை விட்டேன். அப்போது கபாலி மேஸ்திரி சொன்னார்: “சத்தமா படி குணா, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கணும்.”

போராடிக் கேட்டது எதுவும் கிடைத்திராத என் வாழ்க்கையில், வாயைத் திறப்பதற்குள் கிடைத்துவிட்ட ஒரே கோரிக்கையை, நான் பையில் துண்டறிக்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, குணா அண்ணன் அத்தனை சாட்சிகளுக்கும் கேட்கும்படி வாசித்தார்: “கே. ஜோதி, மீஞ்சூர்.”