சோணைமுத்துவின் இடைவேளைப் பாட்டு

சோணைமுத்துவுக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காது. பிடிக்காததை ராகம் போட்டுச் சொல்லத் தெரியும் என்பதால் ஊர் அவரைப் பாட்டுக்காரர் என்றது. மற்றபடி அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுப்பவர். அண்ணன் தம்பி வேலித் தகராறு, மாமனார் மருமகன் மண்டை உடைப்பு என்று எல்லாவற்றையும் ‘மேற்படி எதிர்மனுதாரர்’ என்று அடித்து அடித்து, மனுஷப் பிறவி மீதே அவருக்கு ஓர் இளக்காரம் ஊறிப்போயிருந்தது.

வீடு ராஜபாளையத்தில். அவர்கள் தெருக் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்கு வருஷந்தோறும் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். பாட்டுக்காரர்கள் சோடா குடிக்க மேடையை விட்டு இறங்குகிற இருபது நிமிஷம் சோணைமுத்துவுடையது. மஞ்சள் சட்டையோடு மேடையேறி, எல்லோரும் முணுமுணுக்கிற சினிமா மெட்டு ஒன்றை எடுத்து, அந்த வருஷம் ஊர் எதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறதோ அதைக் கிழித்துத் தொங்கவிடுவார். முப்பத்தோரு வருஷத்தில் ஒருமுறை கிழித்ததை மறுமுறை தொட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. “போன வருசத்து எலையில இந்த வருசம் எவம்லே சாப்பிடுவான்?” என்பார்.

ஆரம்பத்தில் சினிமா கதாநாயகர்கள். நூறு பேரை ஒற்றை ஆளாக அடிக்கிறவனைப் பார்த்து விசிலடிக்கிற கூட்டத்துக்கு முன்னால் நின்று,

‘குண்டு வந்தா குனிய மாட்டான்,
குழாயடி வரிசையில நிக்க மாட்டான்’

என்று பாடினார். விசிலடித்தவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்காகவே அவர்களை இன்னும் கொஞ்சம் கேவலமாக நினைத்தார். பிறகு கேபிள் டிவி வந்து, தெருப் பெண்கள் சீரியலுக்காக மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள்.

‘அவ அழுதா ஆறு வருசம், நான் அழுதேன் அடுப்படியில,
சோறு தீஞ்ச வாடை வந்தும் அசையலியே எம் பொஞ்சாதி.’

அதற்கப்புறம் செல்போனில் மிஸ்டு கால் கொடுத்தே காதலித்த கூட்டம், சின்னப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பெற்றவர்கள் அழுகிற டிவி போட்டி, மொய் எழுத வந்தவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கல்யாண மாப்பிள்ளையைச் சுற்றிப் பறந்த கேமரா. பைத்தியங்கள் மாறிக்கொண்டே இருந்தன, சோணைமுத்துவின் நோட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

வரிகளைப் பரீட்சை பார்க்க அவருக்கு ஒரு முறை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற காலை எட்டு இருபது பஸ்ஸில் கண்டக்டர் பாலகணேஷ். அவரிடம் தினம் ஒரு வரியை மெதுவாகப் பாடிக் காட்டுவார். டிக்கெட் கிழித்துக்கொண்டே பாலகணேஷ் சிரித்தால் அது மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு, வரியை அடித்துவிட வேண்டியது. கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தால் வரி நின்றது. டிக்கெட்டுக்கு மெஷின் வந்த பிறகும் அதே கணக்குதான். ஒரு பாட்டு இப்படித் தேற நாற்பது நாள் பிடிக்கும்.

அந்த நாற்பது நாள்தான் போன வருஷம் அவர் காலை வாரியது. தை மாசத்தில் ஒரு டான்ஸ், தோளைக் குலுக்கி முழங்காலைத் தட்டுகிற கண்றாவி, ஊரெல்லாம் பரவிக் கிடந்தது. சோணைமுத்து வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்து எழுதி, பஸ்ஸில் வரி வரியாகத் தேறவைத்து, பங்குனியில் மேடையேறினார். அதற்குள் அந்த டான்ஸ் செத்துப் புல் முளைத்துவிட்டது. அவர் மேடையில் தோளைக் குலுக்கினார், முழங்காலைத் தட்டினார், கூட்டம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா பக்கத்து அம்மாவிடம், “அண்ணாச்சிக்கு மூட்டுவலியாட்டி?” என்று கேட்டது மைக்கிலேயே விழுந்தது.

மறுவாரம் விழாக் கமிட்டித் தலைவன் கௌதம்ராஜ் வீட்டுக்கே வந்துவிட்டான். இருபத்தெட்டு வயசு, ஆன்லைனில் செருப்பு விற்கிறவன்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. வார வருசம் ஒரு தடவ பாப்போம். ஆளுக சிரிக்கலைன்னா பொறவு அந்த நேரத்துக்கு டிஜே போட்டுருவோம்.”

நாள் முழுக்க எதிர்மனுதாரர்களுக்கு நடுவே கிடக்கிற மனுஷனுக்கு, வருஷத்தில் மூச்சு விடக் கிடைத்தது அந்த இருபது நிமிஷம்தான். அதையும் ஒரு செருப்புக்காரன் பிடுங்கப் பார்க்கிறான்.

இந்த வருஷம் எதைக் கிழிப்பது என்று தேட ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை. வக்கீல் குமாஸ்தா கல்பனாவிடம், “இப்ப என்னத்தம்மா ஊரே பாக்குது?” என்று கேட்டார். அந்தப் பெண் தன் போனில் கொரியாக்காரர்கள் பாட்டைக் காட்டியது. சரி, உங்கம்மா? அம்மா பார்ப்பது டப்பிங் சீரியல். தம்பி? ஒருத்தன் ஒரே மூச்சில் நாற்பது முட்டை தின்பதைத் தம்பி பார்க்கிறானாம். அப்பா, எவனோ பழைய லாரியைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே வீட்டில் நாலு பைத்தியம், ஒருத்தர் பைத்தியம் இன்னொருத்தருக்குத் தெரியாது. சோணைமுத்து இப்படி ஐம்பது பேரை விசாரித்தார். ஊர் மொத்தத்துக்கும் தெரிந்த ஒரு பொருள் கூட அகப்படவில்லை. எல்லோருக்கும் தெரியாததைக் கிண்டல் செய்தால் எவன் சிரிப்பான்? ‘சேர்ந்து உருப்படாமப் போகக்கூட வக்கில்லாத பயலுக’ என்று திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி சுந்தரம்மாள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

“ஏட்டி, இந்த ஊர்ல சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச கோமாளி எவன் இருக்கான்?”

அவள் திரும்பக்கூட இல்லை. தோசையைப் புரட்டிப் போட்டுவிட்டு, “ஏன், நீங்க இருக்கியளே,” என்றாள்.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது கை தானாக நோட்டை எடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் பல்லவி முடிந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க ஊரில் எத்தனையோ பேரைத் தேடியவருக்கு, இவ்வளவு சரக்கு தன்னிடமே கிடந்திருக்கிறது.

மறுநாள் பாலகணேஷிடம் முதல் வரியை எடுத்துவிட்டார்.

‘மைக்கக் கண்டா மாமா வருவாரு,
மஞ்சச் சட்டைக்கு முன்னே தொந்தி வரும், பொறவு அவரு வருவாரு.’

பாலகணேஷ் மெஷினை விட்டுவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின் சீட்டில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்தபடி பாலகணேஷ், “அண்ணாச்சி, அந்த மூஞ்சிய வுட்டுட்டியளே. வேப்பெண்ணெ குடிச்ச மாதி எந்நேரமும் வச்சிருப்பியள்ல, அதையும் சேத்துக்கோங்க,” என்றார்.

சோணைமுத்துவுக்குச் சுருக்கென்றது. இந்த ஆள் அதை இப்போது யோசித்துச் சொல்லவில்லை, வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருக்கிறான். அவர் பாடியபோதெல்லாம் இவன் எதைப் பார்த்துச் சிரித்தானோ, யார் கண்டது? இருந்தாலும் வேப்பெண்ணெய்யை நோட்டில் குறித்துக்கொண்டார். இந்தப் பாட்டுக்கு நாற்பது நாள் ஆகவில்லை, நாலே நாளில் தேறிவிட்டது.

பங்குனிப் பொங்கலன்று மேடைக்கு முன்னால் தெரு நிறைந்திருந்தது. மஞ்சள் சட்டையோடு அவர் ஏறியதுமே சிரிப்பு கிளம்பியது.

‘ஊரையெல்லாம் பழிப்பாரு, உலகத்தையே கிழிப்பாரு,
ஃபேன் சுவிச்சப் போடக்கூட பொஞ்சாதிய அழைப்பாரு’

என்றதும் பெண்கள் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. இரண்டாம் தடவை பாடும்போது கூட்டமே சேர்ந்து பாடியது. கொரியாப் பாட்டுப் பார்க்கிறவளும் லாரி கழுவுவதைப் பார்க்கிறவரும் ஒரே வரிக்குச் சேர்ந்து கைதட்டினார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவர் வாங்கியதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு, சிரித்த ஒவ்வொரு முகத்தையும் பிடித்து ஓர் அறை விடவும் தோன்றியது. சுந்தரம்மாள் மட்டும் சிரிக்காமல் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கியதும் கௌதம்ராஜ் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“அண்ணாச்சி, அம்புட்டு பேரும் வீடியோ எடுத்துட்டானுவ. டிஜே எல்லாம் வேண்டாம். இனி வருசா வருசம் இதையே பாடிருங்க.”

“இதையேவா?”

“ஆமா. இது போதும்.”

போன வருஷத்து இலை. சோணைமுத்து சோடாவை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை எட்டு இருபது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முன் சீட்டில் ஒரு காலேஜ் பெண் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அதற்குள்ளிருந்து அவர் குரலே வந்தது. எட்டிப் பார்த்தார். மஞ்சள் சட்டை, தொந்தி, மைக். அந்தப் பெண்ணின் உதட்டில் ஒரு சிரிப்பு விரிந்தது. இரண்டாம் வரி வருவதற்குள் அவள் கட்டைவிரல் மேலே போயிற்று. சோணைமுத்து போனார், எவனோ நாய்க்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். நாயும் போயிற்று.

அவர் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்திருக்கிறவன், நிற்கிறவன், கம்பியை ஒரு கையால் பிடித்துத் தொங்குகிறவன், மடியில் பால் தூக்கு வைத்திருக்கிற அம்மாள் என்று ஒருவர் பாக்கியில்லை. போனில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறு, தள்ளுவது மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அட சனியன்களா, இதையா இத்தனை நாள் தேடினோம் என்று அவருக்குள் பழைய வெறுப்பு குபுகுபுவென்று பொங்கியது. ராத்திரி முழுக்கச் செத்துக் கிடந்த மனுஷன் அந்த வெறுப்பில் எழுந்து உட்கார்ந்தார். நோட்டை எடுத்து, ஆட்டத்தில் கோணல்மாணலாக எழுதினார்.

‘பெத்த தாயி எதிர நின்னாலும், தள்ளுதே கட்டைவெரலு.’

எழுந்து பாலகணேஷின் சீட்டுக்குப் போனார். டிக்கெட் போட்டு முடித்து, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சோணைமுத்து அவர் காதருகே குனிந்து வரியைப் பாடினார். பாலகணேஷ் பெரிதாகச் சிரித்தார். வரி நின்றது என்று நோட்டில் டிக் போடப் போனவர், மெஷினுக்குப் பக்கத்தில் மடியில் கிடந்த போனைப் பார்த்தார். அதில் ஒருத்தன் வாய்க்காலில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தான்.

பாலகணேஷ் நிமிர்ந்தார். “என்ன அண்ணாச்சி, எதும் சொன்னியளா?”

“ஒண்ணுமில்லலே,” என்றார் சோணைமுத்து. “நீ தள்ளு.”