தலை தீபாவளிக்குப் பறந்த கப்பல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருந்தால் வாய் திறக்கக் கூசுகிறவள். எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பறக்கும் கப்பல் ஓட்டி ஜெயித்த கதையை இத்தனை வருஷமாக அவர் சொல்லித்தான் ஊர் கேட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் தலை தீபாவளி. முந்தின நாளே ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். பஸ்ஸில் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம்; அதற்கே மாப்பிள்ளைக்கு அசதி. கல்யாண மாலை சிறுத்துவிட்டது என்று மறுவீட்டில் சாப்பிடாமல் எழுந்தவர் அவர்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் ஒன்று வீட்டில் இருந்தது. வருங்காலத்துப் பந்தயமாம். சக்கரமில்லாத கப்பல்கள் தரையைத் தொடாமல் மிதந்து பறக்கும். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அதில் நன்றாகக் கை பழகியிருந்தது.

அண்ணன் ஓட்டுவதைச் செத்த நேரம் பார்த்த வீட்டுக்காரர், தனக்கேற்ற எதிராளியைப் பொறுக்கினார். "மச்சான், நீங்க பழகினவுக. அவ வரட்டும்."

வீரம்தான்.

அடுக்களையில் அம்மா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, ஜெயிச்சு கியிச்சுத் தொலைக்காத. அவிய கோவிச்சுக்கிட்டு சாயங்காலமே பஸ் ஏறிட்டாகன்னா தெருவே சிரிக்கும்."

டிவி இரண்டு பாதியானது. மேலே என் கப்பல், கீழே அவருடையது. கிளம்பியதுமே அவர் கப்பல் சுவரில் மோதி, அங்கேயே உரசிக்கொண்டு நின்றது. இவருக்குப் பின்னால் வருவது லேசான காரியமா? நானும் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கினேன். கேம் பெட்டி தானாக ஓட்டும் மற்ற கப்பல்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போயின.

"என்னட்டி, எம் வண்டி இழுக்கவே மாட்டேங்கு!" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் கண் டிவியின் மேல்பாதியில் இருந்தது. என் கப்பல் சாயும் பக்கமெல்லாம் அவரும் சாய்ந்தார். மனுஷர் அதைத் தன்னுடையது என்றே முடிவு செய்துவிட்டார்!

இனி நான் தோற்றால் அவர் தோற்றதாகிவிடும். அம்மா சொல்லைக் காப்பாற்ற ஒரே வழிதான். முழு வேகத்தில் விட்டேன். ஒவ்வொரு கப்பலாகப் பின்னால் போனது.

"பாத்தீகளா மச்சான், எப்படி வளைக்கேன்!"

முதலாவதாக வந்து முடித்ததும் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அம்மா அதில் ஒரு முந்திரிக்கொத்தை வைத்து அடைத்தாள்.

வீட்டுக்காரர் அப்போதுதான் கீழ்ப்பாதியைப் பார்த்தார். "அது உன்னதா? பாவம், இன்னும் சுவத்தோட மல்லுக்கட்டுது. கவலப்படாத, பழகப் பழக வரும்."

"சரிங்க" என்றேன்.

மறுநாள் அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். புது வேட்டி கட்டி, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் வரை தூங்கினார்.