முனிக்கு யார் முடி?

காலை 6.45. பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் தூரமும் சிமென்ட் லாரிகளுக்கு நடுவே போனது. வெள்ளைச் சட்டை போட்டு வந்த என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நண்பன் முத்துவேல் சிங்கின் ஒரு வயது மகனுக்கு இன்று மொட்டை. போடுவதா கூடாதா என்பதுதான் வழக்கு. முத்துவேல் பஞ்சாபுக்கு லாரி ஓட்டிப் போனவன். அங்கே குருத்வாராப் பந்தியில் சாதி கேட்காமல் சோறு போட்டார்கள், சீக்கியனாகித் திரும்பினான். சீக்கியர் தலையில் கத்தி படக்கூடாது. மனைவி தாமரை கல்லூரிக் காலத்திலேயே பௌத்தம் தழுவியவள், அவளும் சாதி வேண்டாமென்றுதான். அவளுக்குப் பிறந்த வீடென்று மிச்சமிருப்பது அண்ணன் செல்வராசு மட்டும். தாய்மாமன் மடியில் வைத்துக் குலசாமிக்கு முடி இறக்காவிட்டால் உறவே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

8.15. அரியலூரில் இட்லி, வடை, முப்பத்தைந்து ரூபாய். ஜெயங்கொண்டம் சாலையில் ஷேர் ஆட்டோ.

"முனி கோயிலா? மொட்டையா சார்?" என்றார் டிரைவர்.

"தெரியலைங்க."

"போறது நீங்க, தெரியலைங்கிறீங்க" என்று சிரித்தார்.

9.30. மக்காச்சோளக் கொல்லை நடுவே வேப்பமரம், அடியில் முனி. சம்மணமிட்டுக் கண்மூடிய கல், நெற்றியில் விபூதிப் பட்டை.

"இவரு புத்தருண்ணே" என்றாள் தாமரை என்னிடம். பூ வைத்தாள். முத்துவேல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றான். சிலையைக் கும்பிடுவது அவன் வழியில் இல்லை. புத்தர் கடவுளைப் பற்றிய பேச்சை விலக்கிவைத்தார். குருநானக்குக்கோ கடவுள் ஒருவரே என்பதுதான் முதல் பேச்சு. பிக்கு வீட்டை விட்டுப் போய்த் தலையை மழிக்கிறார். சீக்கியர் குடும்பத்தோடு இருந்து முடியை வளர்க்கிறார். இரண்டு பேருக்கும் மறுபிறவி உண்டு. முடி எடுப்பவர் கத்திக்குப் பிளேடு மாட்டும்வரை இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செல்வராசு பலகையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு பூமுடியாவது குடு மாப்ள. ஒரே ஒரு கத்திரி."

"ஒத்த முடின்னாலும் முடிதான் மச்சான். மன்னிச்சிடுங்க."

"சாமி தலையப் பாருண்ணே" என்றாள் தாமரை செல்வராசிடம். கல்லில் சுருள் சுருளாக முடி, உச்சியில் கொண்டை. முத்துவேலின் தலைப்பாகைக்குள்ளும் அப்படித்தான் இருக்கும்.

"கல்லுக்கு எவன் மொட்டை போடுவான்?" என்றார் செல்வராசு. நியாயம்தான்.

தண்ணீர் சொம்பைக் கண்டதும் குழந்தை வீறிட்டு, மாமனின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. மையடித்து, நடுவகிடெடுத்து, அவர் ஆசையாக வளர்த்த முடி. தாமரை அழ ஆரம்பித்துவிட்டாள். செல்வராசு குழந்தையின் விரல்களைத் தன் முடியிலிருந்து மெல்ல விடுவித்தார்.

"முனிக்கு எங்க வூட்டு முடி ஒண்ணு வேணும், அவ்வளவுதானே" என்றவர், குழந்தையை மடியிலிருந்து இறக்காமலே முடி எடுப்பவரிடம் தன் தலையைக் குனிந்து காட்டினார். முத்துவேல் ஓடிவந்து, மகன் தலைமேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் குடைபோலப் பிடித்துக்கொண்டான். மாமனின் முடி அந்தக் கைகள்மேல் விழுந்தது.

மதியம் முத்துவேலே ரொட்டியும் பருப்பும் சமைத்து எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தான். "பொங்கலுக்கு வூட்டுக்கு வந்துடுங்க" என்றார் செல்வராசு, சந்தனம் பூசிய தலையோடு.

3.40. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நானும் என் அண்ணனும் ஒரே சாமியைத்தான் கும்பிடுகிறோம். பேசிப் பதினோரு வருடமாகிறது.